வைக்காத ரசம்

திருமழிசை, 12.8.93

கரையான்சாவடியில் அம்மா வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உள்ளே நடப்பது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று சோப்பு கம்பெனியில் சேரும்போது கையெழுத்துப் போட்டேன் அல்லவா? அதனால்தான் அங்கே ஒட்டுப்போட்ட சோப்பு அண்டா உடைந்து கை வெந்தபோது, ஆஸ்பத்திரியில் “ஊட்ல ரசம் கொட்டிக்கிச்சு சார்” என்றேன். அந்தக் கம்பவுண்டர் எல்லார் முன்னாலும், “புருசனை சமைக்க வுட்டுட்டு நீ இன்னாம்மா பண்ணிகினு இருந்தே?” என்று உன்னைக் கேட்பான் என்று நினைக்கவில்லை.

நேற்று பூந்தமல்லி வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டினேன். “யோவ், சோப்பு செய்யற முறையைத்தான்யா சொல்லக்கூடாது. விபத்தை மறைக்கச் சொல்ற ஷரத்து செல்லாது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர்கிட்ட தாராளமா சொல்லு” என்றார்.

சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார். அதில் ரசம் என்றுதான் இருக்கிறது. முதலாளியும் ரசம்தான் என்று சாதிக்கிறார்.

திங்கட்கிழமை விசாரணை. கை வெந்த அன்று நம் வீட்டில் ரசமே வைக்கவில்லை என்று சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. என்னைத் திட்டுவதுபோலவே சத்தமாகச் சொல். எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்.

அதற்கு அத்தாட்சியாக நாலு நாளாகப் பன் தின்றுகொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்