முரளி செத்த வாரம்

14-8-1987, வெள்ளி

இந்த வாரப் புத்தகம் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து அவர் உர மூட்டையோடு கொண்டுவந்தார். பக்கமெல்லாம் யூரியா வாடை. அடிக்கட்டும், எனக்கென்ன.

உள்ளே பாயிஸாவின் துண்டுச் சீட்டு. பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் வாப்பா ஜான் பாஷா பத்திரிகைக் கடை வைத்திருப்பதால், கட்டுப் பிரித்ததும் முதலில் படிப்பவள் அவள்தான். இந்த வாரம் எழுதியிருப்பது: "ஒரு பேய்க்கதை படித்தேன், பேய் வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஒரு துப்பறியும் கதை, நாற்பதாம் பக்கத்திலேயே சமையல்காரன்தான் என்று சொல்லிவிட்டேன். இன்னொன்றைப் பற்றி எழுதமாட்டேன், நீ படித்து அழு, பிறகு பேசலாம். அடுத்த மாதம் 'வெள்ளாமை இல்லாத வருஷம்' வருகிறது. நமக்குப் பிடித்தவர் மூன்று வருஷம் கழித்து எழுதுகிற நாவல். வாப்பாவிடம் உனக்கென்று ஒன்று சொல்லி வைத்தாகிவிட்டது."

அடுத்த மாதம்! அதுவரைக்கும் எப்படி இருப்பது.

மத்தியானம் சோறு ஆனதும் அத்தைக்குத் தொடர்கதை படித்தேன். கல்யாணமாகி இந்த வடக்கனந்தலுக்கு வந்த முதல் மாதமே என் புத்தகப் பெட்டியைப் பரணில் ஏற்றிய மாமியார் இந்தச் சாலம்மாள். "பொட்டச்சிக்கு இன்னாத்துக்குப் பொஸ்தகம்" என்றாள். இரண்டு வருஷம் முன்பு காய்ச்சலில் படுத்திருந்தவளுக்குப் பொழுது போகட்டும் என்று அவர் என்னைப் படிக்கச் சொன்னார். மாட்டிக்கொண்டாள். இப்போது வெள்ளிக்கிழமை புத்தகம் வராவிட்டால் வெற்றிலைகூடப் போடுவதில்லை. இந்த வீட்டுக்குள் காகிதம் வருவது அவளுக்காகத்தான். மிச்சப் பக்கங்கள் எனக்கு.

21-8-1987, வெள்ளி

இன்று ஒரு வேலை செய்தேன். எழுதவே சிரிப்பு வருகிறது.

'பத்தாம் மைல் பங்களா' கதையில் கோமதியம்மாள் நல்லவள். செய்யாத கொலைக்காக மகன் முரளி மலைமேல் பங்களாவில் ஒளிந்திருக்கிறான், இவள் கீழே மருமகளோடு அழுதுகொண்டிருக்கிறாள். நான் அதை மாற்றிப் படித்தேன். மருமகள் கேட்ட ஒரு கரண்டிக் குழம்புக்கு, "ரெண்டு புள்ளைய வயித்துலயே கரைச்சவளுக்கு நாக்கு மட்டும் எட்டு மொழம்" என்று கோமதியம்மாள் சொன்னதாக. அது என் அத்தை என்னிடம் சித்திரையில் சொன்னது. எழுத்துப் பிசகாமல் அப்படியே வைத்தேன்.

அத்தைக்கு என்ன கோபம்! "இப்டியும் ஒரு மாமியாக்காரி இருப்பாளா? அவ வாயில மண்ணு வுழ" என்றாள். பக்கத்து வீட்டு ஆயம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் பக்கத்தைப் புரட்டினேன்.

28-8-1987, வெள்ளி

இன்று கோமதியம்மாள் மருமகளின் புத்தகங்களைப் பரணில் ஏற்றினாள். அத்தை காறித் துப்பினாள்.

4-9-1987, வெள்ளி

அத்தைக்குக் கதை வெறும் கதை இல்லை. ஆடியில் கதைக்குள் ஒரு பசு செத்தது. அதே வாரம் எங்கள் செவலையும் செத்தது. அன்றிலிருந்து புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். "அதுல வந்தா இங்க வரும்" என்கிறாள். முரளிக்குத் தலைவலி என்று படித்தால், வயலில் இருக்கும் மகனுக்கு ஆயம்மாள் புருஷனிடம் தைலம் கொடுத்தனுப்புகிறாள். என் வீட்டுக்காரர் தைலப் புட்டியோடு திரும்பி வந்து, "இன்னா செல்வி, இன்னிக்கு எனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டார். சிரித்தோம்.

அவர் எட்டாவது வரைதான். ஆனால் நான் படிப்பதைக் கண்டால் விளக்கைத் தூண்டிவிட்டுப் போகிற ஆள்.

சங்கத்துக் கூட்டம் என்று சாயந்தரம் போனார். பதினேழாம் தேதியிலிருந்து ஏழு நாள் ரோட்டை மறிக்கப் போகிறார்களாம். படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்கு ஒதுக்கச் சொல்லி, இருபது சதவீதம் இருபது சதவீதம் என்று ஊரே பேசுகிறது.

13-9-1987, ஞாயிறு

வந்துவிட்டது! 'வெள்ளாமை இல்லாத வருஷம்'. இருநூற்றுப் பத்துப் பக்கம். பாயிஸா தான் படிக்காமலே எனக்கு முதலில் அனுப்பியிருக்கிறாள். கடைக்கு வந்தது ஒரே ஒரு பிரதி. "கடைசிப் பக்கத்தை மட்டும் முன்னால் பார்க்காதே, சத்தியம் பண்ணு" என்று சீட்டு.

பண்ணினேன். ஒரு நாளைக்கு முப்பது பக்கத்துக்கு மேல் இல்லை. பண்டத்தை ஒரே நாளில் தின்று தீர்க்கிற புத்தி எனக்கு இல்லை.

17-9-1987, வியாழன்

விடியும்போதே கோடாலியோடு போனார். புளியமரங்களை வெட்டி ரோட்டில் தள்ளியிருக்கிறார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. பகல் முழுக்க ரோட்டில் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை.

18-9-1987, வெள்ளி

புத்தகம் வரவில்லை. எப்படி வரும்? அத்தை மூன்று தடவை கேட்டாள், "முரளி இன்னா ஆனான்?" எனக்கு எப்படித் தெரியும்.

20-9-1987, ஞாயிறு

நேற்றுக் காலை போலீஸ் வேன் ஊருக்குள் வந்தது. கிடைத்த ஆம்பிளைகளை அடித்து ஏற்றினார்கள். இவர் கொல்லைப்புறமாகக் கோமுகி அணைப் பக்கம் இறங்கி மலைக்குப் போய்விட்டார். வெள்ளிமலையில் இவருக்குச் சாமை விற்கிற மலைக்காரர் வீடு ஒன்று இருக்கிறது. "எட்டு நாள் கழிச்சி வரேன், அம்மாவப் பாத்துக்க" என்றார். ஆயம்மாள் புருஷன் காசிநாதன்தான் வழித்துணை. அவர் இன்று திரும்பி வந்து, பத்திரமாக இருக்கிறான் என்றார்.

அதைக் கேட்டும் அத்தை அடங்கவில்லை. "நீ காலு வெச்ச வூடு. புள்ளையுமில்ல, இப்ப புருசனுமில்ல. பொஸ்தகத்தப் பாத்துப் பாத்து வயிறே காயிதமாப் பூட்ச்சி."

கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் சேந்தி வந்தேன். வந்து பார்த்தால் அடுப்பு எரிகிறது. மண்ணெண்ணெய் இல்லாமல் மூன்று நாளாகப் பற்றவே பற்றாத ஈர விறகு அது.

என் நாவல். பாயிஸாவின் நாவல். இன்னும் முப்பத்திரண்டு பக்கம் பாக்கி இருந்தது. அட்டை மட்டும் கிடந்தது, எடுத்தேன், சூடாக இருந்தது.

"ஒனக்கு வேற இருக்குதில்ல" என்றாள்.

இந்தக் கிழவி சாவக்கூடாது. நல்லா இருந்து அழணும்.

21-9-1987, திங்கள்

அழ வைத்தேன்.

ஜூலை மாதத்துப் பழைய புத்தகம் ஒன்றை எடுத்து மேலட்டையைக் கிழித்தேன். கிழவிக்கு எழுத்துத்தான் தெரியாது, படம் எல்லாம் ஞாபகம் இருக்கும். காசிநாதன் கச்சிராயபாளையத்தில் வாங்கி வந்ததாகச் சொன்னேன். அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. புத்தகத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அதில் இருந்தது ஊறுகாய் விளம்பரம். அதைப் பார்த்துக்கொண்டே படித்தேன். மலையைச் சுற்றிப் போலீஸ் வருகிறது. முரளி பங்களாவின் பின்வாசல் வழியாக ஓடுகிறான். காலில் செருப்பு இல்லை. முதல் குண்டு தோளில். அம்மா என்கிறான். இரண்டாவது குண்டுக்கு முன்னால் நான் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன்.

"சொல்லுடி, இன்னா ஆச்சி?"

"செத்துட்டான் அத்தை. பொணத்தக்கூட தாய்க்குக் காட்டல."

மார்பில் அறைந்துகொண்டாள். நானும் ஒரு அரைப்பக்கம் கூடப் படித்தேன், கோமதியம்மாள் மண்ணில் புரள்வதை. உண்மையைச் சொல்கிறேன், இந்த ஐந்து வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் தூங்கியதில்லை என்று நாளைக்கு எழுதுவேன்.

22-9-1987, செவ்வாய்

விடிந்ததும் அத்தை காசிநாதன் வீட்டு வாசலில் நிற்கிறாள். "எம்புள்ளைய இன்னிக்கே கூட்டிக்கினு வா. மலையில வெச்சி சுட்டுருவாங்கோ. வூட்ல இருந்தா நாலு சனம் பாக்கும், சுடமாட்டாங்கோ."

காசிநாதன் மறுத்துப் பார்த்தார். "இப்ப எறங்குனாத்தான் புடிப்பாங்கக்கா. அங்கயே கெடக்கட்டும்."

"தாயி சாவக் கெடக்குறான்னு சொல்லு. அப்பதான் வருவான்."

நான் வேலிக்கு இந்தப் பக்கம் சாணம் தெளித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. ஒரு வாக்கியம் போதும் - அத்தை, அது பொய், நான் கட்டிச் சொன்ன கதை. வாய் வரை வந்தது. சொன்னால் இனி இந்த வீட்டில் ஒரு தாள் நுழையுமா? நாலு பேருக்கு முன்னால் என்னை என்ன செய்வாள்? அவர் வரமாட்டார், அவருக்கு அறிவு இருக்கிறது என்று நினைத்தேன்.

காசிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் வாளியில் மிச்சமிருந்ததைத் தெளித்து முடித்தேன்.

23-9-1987, புதன்

அத்தைக்கு ஒன்றும் இல்லை. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

24-9-1987, வியாழன்

தாய் சாகக் கிடக்கிறாள் என்றால் எந்த மகன் வராமல் இருப்பான்? இது எனக்குத் தெரியாதா? எத்தனை கதை படித்திருக்கிறேன்!

நேற்றுச் சாயந்தரம் அணைக்கரையில் பிடித்துவிட்டார்கள். காசிநாதன் பின்னால் வந்ததால் புதருக்குள் படுத்துத் தப்பித்தார். அங்கேயே, கரைமேலேயே வைத்து அடித்தார்களாம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. ஆயம்மாளிடம் சொல்லியிருக்கிறார், அவள் என் கண்ணைப் பார்க்கமாட்டேன் என்கிறாள்.

நான்தான். நான்தான் நான்தான். போலீசு இல்ல, கெழவி இல்ல.

29-9-1987, செவ்வாய்

போலீஸ் விட்டுவிட்டதாம், அவரைக் கொண்டுவந்து போட்டார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். எலும்பு கூடும், ஆனால் கோணலாகத்தான் கூடும் என்றாராம் டாக்டர். சேற்றில் இறங்கி ஏர் ஓட்டுவதெல்லாம் இனி இல்லை.

என்னைப் பார்த்துச் சிரித்தார். "அம்மாவுக்கு இப்ப தேவலையா?" என்று முதலில் கேட்டது அதைத்தான்.

2-10-1987, வெள்ளி

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொல்கிறாள்: "எம்மருமவ வாயாலதான் எம்புள்ள உசுரு தப்பிச்சிது. அவ மட்டும் அன்னிக்குப் படிக்கலன்னா, மலையிலயே சுட்டுப் போட்டிருப்பாங்கோ. காலோட போச்சி, மாரியாத்தா." கேட்டுவிட்டு அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை! நேற்று ஒருத்தி, ஜெயிலில் இருக்கிற தன் மகன் எப்போது வருவான் என்று புத்தகத்தில் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

எனக்குத் தட்டில் முட்டை வைக்கிறாள் கிழவி. என்னைத் தாயி என்கிறாள்.

9-10-1987, வெள்ளி

வயலில் இருந்து திரும்பினேன். நான் வருவதற்குள் ஜான் பாஷா ஆள் அனுப்பிவிட்டிருந்தார். வராமல் நின்ற புத்தகங்கள் எல்லாம் ஒரே கட்டாக இவர் கட்டில்மேல். படுத்தபடி படித்துக்கொண்டிருந்தார். அத்தை ஆயம்மாள் வீட்டில்.

"செல்வி, முரளி இதுல உசுரோட கீறான்."

பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"செத்துட்டான்னு நீ படிச்சன்னுதான அம்மா என்னைக் கூப்டுது? எந்த வாரத்துப் பொஸ்தகம் அது?"

கையில் கீரைக் கட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"நாவல எரிச்சிட்டாங்க" என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே கேவலமாக இருந்தது. ஒரு காலுக்குச் சமமாக அதை வைத்துச் சொல்கிறேன்.

கையிலிருந்த புத்தகத்தை மூடினார். அடிப்பார் என்று நினைத்தேன், எழுந்து வரத்தான் முடியாதே. "காசிநாதன அனுப்பும்போது நீ எங்க இருந்த?"

"வேலிப் பக்கம்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சி."

அவ்வளவுதான் கேட்டார். புத்தகங்களை அடுக்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

14-10-1987, புதன்

ஐந்து நாளாக என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணி என்கிறார். சோறு என்கிறார். சட்டி என்கிறார்.

பாயிஸாவின் சீட்டு: "நாவல் எப்படி? முடிவு என்ன ஆயிற்று? சீக்கிரம் கொடுத்தனுப்பு, நான் இன்னும் படிக்கவில்லை. தீபாவளி மலருக்கு இந்தத் தடவை ஏழு சிறுகதைகளாம்!" பதில் எழுதவில்லை.

23-10-1987, வெள்ளி

மத்தியானம் அத்தை கதை கேட்க உட்கார்ந்தாள். புத்தகம் என் கைக்கு வரவில்லை. "நானே படிக்கிறம்மா" என்றார்.

எழுத்துக் கூட்டித்தான் படித்தார். அத்தைக்குப் பிடிக்கவில்லை, "செல்வி படிச்சா சர்ருனு போவும்" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடுநடுவே சட்டென்று நின்றார், கண் நாலு வரி கீழே இறங்கியது, பிறகு தொடர்ந்தார். மூன்றாவது தடவைதான் எனக்கு விளங்கியது. முரளி வருகிற இடங்களை எல்லாம் விட்டுவிட்டுப் படிக்கிறார். செத்தவன் செத்தவனாகவே இருக்கிறான். தன் வாயாலேயே கூப்பிட்டு மகன் காலை முறித்தது வீண் என்று அவளுக்குத் தெரியக்கூடாது. எனக்காகச் செய்யவில்லை. அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தேன். "எங்கடி போற, ஒக்காரு தாயி" என்று அத்தை என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் படித்து முடிக்கும்வரை விடவில்லை.