பெரியப்பாவின் இடது காது

ஜூன் 4

இதையெல்லாம் எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. வாயால் சொல்லத் துணியாததைத் தாளில் சொல்வது கொஞ்சம் திருட்டுத்தனம்போல இருக்கிறது, அதனால்தான்.

பெரியம்மா போன் செய்தார். "உங்க பெரியப்பாவுக்குக் காது மந்தமாயிட்டே போகுது. டிவியை அலற விடறார். நீ வேலை பார்க்கிற காது கிளினிக்குக்கே கூட்டிட்டு வரேன்."

"வாங்க பெரியம்மா" என்றேன், தேன் ஒழுக.

வரட்டும்.

ஜூன் 5

நான் எதையும் மறக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன், என் பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய வாரம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். நாள்கணக்காக ஒத்திகை பார்த்ததைப் பெரியப்பாவிடம் சொன்னேன்: "நீங்க வந்தா நல்லா இருக்கும், பெரியப்பா." பேப்பரைப் புரட்டினார். மறுபடி சொன்னேன். இன்னொரு பக்கம் புரண்டது. அவர் மகன் என்னைப் பார்த்து, "மேடத்துக்கு மைக் ஏதும் வேணுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான்.

அவர் வரவில்லை. அண்ணன் போகாத இடத்துக்கு நான் எப்படிப் போவேன் என்று அப்பாவும் வரவில்லை. என் வீட்டாருக்கென்று கொடுத்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் என் பையை வைத்தேன்.

மனுஷனா அவர்? ஒரு வார்த்தை. "வரல"ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

ஜூன் 9

வந்தார். வேண்டுமென்றே கடைசி ஆளாகக் கூப்பிட்டேன். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, கதவைச் சாத்தினேன். பிறகு எதையும் தொடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா பொத்தானில் விரலை வைத்தபடி, வராத சத்தத்துக்காகக் காத்திருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன்?

அப்புறம் முறையாகத்தான் சோதித்தேன்.

கிளினிக்கின் சீனியர் அக்கா, கேட்கும் அளவைக் காட்டும் கோட்டைத் திரையில் பார்த்தார். "மரமறுக்கிற மில்லுல வேலை பார்த்தவரா? நெனச்சேன். கீச்சுக் குரலெல்லாம் போச்சு. இடது காது ரொம்ப மோசம். இவர்கிட்ட நீ பேசினா வாயசையறதுதான் தெரியும்மா."

"எப்பலேர்ந்துக்கா?"

"கோட்டுல தேதியா போட்டிருக்கு?"

ஜூன் 10

அப்படியானால் அன்றைக்குக் கேட்கவே இல்லையோ?

கூடாது. அப்படி இருக்கக் கூடாது. இந்தக் கோபத்தை வைத்துத்தான் மேற்படிப்புப் படித்தேன், இந்த வேலைக்கு வந்தேன். ஒரு கோட்டைக் காட்டி இதைப் பிடுங்கிக்கொள்ள விடமாட்டேன்.

ஜூன் 12

அன்று அவருக்கு எந்தப் பக்கம் நின்றேன்? ஜன்னல் பக்கமா, அலமாரிப் பக்கமா? எத்தனை முறை யோசித்தாலும் பேப்பர்தான் தெரிகிறது.

ஜூன் 16

காது மெஷின் மாட்டினேன். ஒரு மாதம் போட்டுப் பார்க்கக் கொடுப்பது வழக்கம். கூர்மையான சத்தங்களைத் தேவைக்குமேல் ஏற்றிவைத்தேன். தட்டு, கரண்டி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் ஊசியாய்க் குத்தும். காதுக்குக் கெடுதல் வராத அளவு, ஆனால் மனிதனால் பொறுக்க முடியாத அளவு. இரண்டு நாளில் கழற்றி எறிவார். அப்புறம் ஆயுளுக்கும் காது கேட்காமலே உட்கார்ந்திருக்கட்டும்.

புன்னகையோடு வாசல்வரை அனுப்பிவைத்தேன்.

ஜூன் 19

பெரியம்மா போன். "கரண்டி கீழ விழுந்தா மனுஷன் துள்ளிக் குதிக்கிறார். கழட்டுங்கன்னா கழட்ட மாட்டேங்கிறார். முன்னாடி டிவி கத்துச்சு, இப்ப இவர் கத்துறார். எதுக்கும்மா எனக்கு இந்தப் பாடு?"

சிரித்தேன். போனை வைத்தபின், ஏற்றிவைத்த அளவுகளை எடுத்து மறுபடி பார்த்தேன்.

ஜூன் 20

ஏன் கழற்றவில்லை?

ஜூன் 23

வரச் சொன்னேன். தனியாகவே வந்தார். பக்கத்து மேஜையில் ஊழியர் பேனா வைத்த சத்தத்துக்கு அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

"ரொம்பக் குத்துதா பெரியப்பா?"

"உயிர் போகுது."

"கழட்டியிருக்கலாமே?"

"கழட்டினா இதுவும் இல்லையே."

எல்லாவற்றையும் சரியான அளவுக்கு இறக்கினேன். தோள்கள் தளர்ந்தன. "இவ்வளவுதானா? இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?" என்றார்.

"செஞ்சிருக்கணும். வேணும்னுதான் ஏத்தி வச்சேன்."

என்னைப் பார்த்தார். அறைவாரோ என்றுகூடத் தோன்றியது. அதே மூச்சில் கேட்டுவிட்டேன், பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிட்டது காதில் விழுந்ததா இல்லையா என்று.

காதைத் தடவினார்.

"கொஞ்ச வருஷமாவே சிலது விழும், சிலது விழாது. விழுந்ததுலயும் சிலதை விழாத மாதிரி விட்டிருக்கேன், அது சௌகரியமா இருந்துச்சு. நீ கூப்பிட்டது அதுல எதுன்னு... சத்தியமா தெரியலம்மா."

என்ன பதில் இது. ஒன்று குற்றவாளியாக இரு, இல்லை நிரபராதியாக இரு. இரண்டும் இல்லாமல் எதிரே ஒரு கிழவர் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் யாரைப் பழிவாங்குவது?

கோபம் போகவில்லை. ஆனால் அவரை எனக்கு முழுக்கத் தெரியும் என்று இனி சொல்லிக்கொள்ள முடியாது.

எழுந்து வாசல்வரை போனார். இவ்வளவு காலமும் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. என் குரலை ஏற்றாமலே கூப்பிட்டேன். நின்று திரும்பினார்.

"கேட்கலைன்னா கேட்கலைன்னு சொல்லுங்க பெரியப்பா. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. நான் பேசும்போது சும்மா மட்டும் இருக்காதீங்க."