புளிக்கு நாங்கள் குறித்த நாள்

மாமாவுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். படவேட்டு மண்டியில் மூட்டை தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதியோர் கல்விப் புத்தகத்தில் ஒரு பாடம் வந்தது. எங்கோ ஓர் ஊரில் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, தாங்கள் எடுத்த தேனைத் தாங்களே விற்றார்களாம். நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"அவுங்களால முடிஞ்சா நம்மளால இன்னாத்துக்கு முடியாது?" என்றாள் கெங்கம்மாள். பதினோரு பேர் சேர்ந்து புளியைக் கொட்டை நீக்கி, வெள்ளிக்கிழமை கலசப்பாக்கம் சந்தைக்குக் கொண்டுபோக முடிவு செய்தோம்.

வியாழக்கிழமையே, வருஷா வருஷம் நம் புளியை வாங்கும் உங்கள் முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். "நாளைக்கி சந்தைக்கிப் போறீங்களாமே? அடுத்த வருசம் உங்க புளிய யாரு வாங்கறாங்கன்னு பாக்கறேன்" என்று சிரித்தார். பயந்துபோய் ஆறு பேர் அவருக்கே போட்டுவிட்டார்கள்.

வெளியில் உங்களுக்கு மட்டும்தான் அந்த நாளை எழுதியிருந்தேன். மண்டியில் வேறு யாராவது கடிதத்தைப் பிரித்திருப்பார்கள், இல்லையா? கெங்கம்மாள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மீதி ஐந்து பேரும் மறுபடி கூடி, வேறு சந்தையும் வேறு நாளும் பேசி வைத்திருக்கிறோம். அதை இதில் எழுதவில்லை. வந்தால் நேரில் கேளுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு, சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி