சம்பந்திக்கு எதிராக நான் போட்ட கையெழுத்து

போடி,
12.11.1983

அன்பு மகள் பொன்னுமணிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் ஆத்தாவும் இங்கே சுகம். பிலாய்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறோம். மலையில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, காய் எடுப்பு நடக்கிறது, ஆத்தாவின் முழங்கால் வலி பரவாயில்லை.

உன் மாமனார் ஒச்சப்பன் கேஸ் ஜெயித்ததை எழுதியிருப்பார். ஏலக்காய் உலர்த்தும் மெஷினை நம் மலையில் அந்த ஒரு கம்பெனிதான் விற்கிறது, அதற்கு உதிரிச் சாமான் வேண்டுமென்றால் விளைந்த காயையும் அவர்களுக்கே போடணும் என்று கட்டாயம் பண்ணினார்கள், அவர் காயை ஏலத்துக்குக் கொண்டுபோனதால் மோட்டாருக்குச் சாமான் தராமல் இழுத்தடித்து, ஒரு எடுப்புக் காய் முழுக்கப் பூசணம் பூத்துப் போனது உனக்குத் தெரியும். அது தப்பு என்று டெல்லி ஏகபோகக் கமிஷன் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இப்போது கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போகிறது. ஜெயிப்பார்களா என்று மதுரை வக்கீலிடம் கேட்டேன். அவர்களுக்கு ஒரே ஒரு பிடிதான் இருக்கிறதாம், எங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை என்று ஒரு விவசாயி எழுதிக் கொடுத்திருக்கிறாராம், கமிஷன் அதைப் பார்க்கவே இல்லை என்று வாதாடப் போகிறார்களாம். அந்த விவசாயி நான்தான் மகளே.

எழுதவே கை கூசுகிறது. உன் ஆத்தா கூடப்பிறந்தவன் இல்லாதவள். உன் கல்யாணத்தில் மாமன் மாலை போட ஆளில்லை என்று அவள் அழுதபோது, கம்பெனி ஏஜெண்டு பிச்சைமணி, ராசிங்காபுரத்துக்காரர், அண்ணன் முறை, "நான் இருக்கேன் தங்கச்சி" என்று சீர்த்தட்டோடு வந்து நின்றாரே, அவர்தான் மறுவருஷம் ஒரு தாளைக் கொண்டுவந்து, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க மாப்ளே" என்றார். மாமன் முறை செய்தவரிடம் எப்படி மாட்டேன் என்பது என்று போட்டுவிட்டேன். படிக்காமல் போட்டேன் என்றால் அது இன்னொரு பொய், இரண்டு தரம் படித்தேன். என் மெஷினுக்கும் அதே கட்டாயம்தான், ஒரு பெல்ட்டுக்கு அவர்களிடம் எத்தனை நடை நடந்தேன். வெட்கங்கெட்ட வேலை.

நேற்று சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர், "கேஸ் நடக்கிறப்பவே தெரியும் சம்மந்தி, எல்லாக் காயிதமும் எனக்கும் ஒரு காப்பி வருமில்ல" என்றார். இரண்டு வருஷமாகத் தெரியும். தெரிந்தேதான் பேரன் மொட்டைக்கு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டிருக்கிறார். உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், "அந்தப் புள்ள எங்க வீட்ல தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுல்ல" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை மதுரைக்குப் போய் அந்தத் தாள் பொய் என்று எழுதிக் கொடுக்கிறேன். இவ்வளவு பிந்திச் சொல்வதை கோர்ட் ஏற்குமோ என்னவோ, கம்பெனி ஜெயித்தாலும் ஜெயிக்கலாம் என்கிறார் வக்கீல். பிச்சைமணி இனி நம் வாசல் மிதிக்க மாட்டார், என் மெஷினும் நிற்கும், நிற்கட்டும். உன் ஆத்தா, "அண்ணன் இல்லாமத்தான பெறந்தேன், நீங்க வெரசாப் போயிட்டு வாங்க" என்றாள்.

நீங்கள் மூவரும் குறைவில்லாமல் வாழணும். இதை மாப்பிள்ளைக்கு நீயே படித்துக் காட்டு, ஒரு வரியும் விடாதே. பேரனைப் பனியில் விடாதே. பொங்கலுக்கு வரும்போது நேரே இங்கே வராதே, மாமனார் வீட்டில் போய் இறங்கு. அவர் கூப்பிட்டு அனுப்பினால் நான் அங்கே வந்து உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மொ. ராக்கையா