இருசப்பன் காதில் விழுந்த மந்திரம்

வேங்கிக்கால்,
12-9-1964

அப்பாவுக்கு அநேக நமஸ்காரம்.

தம்பி தியாகேசன் வந்து சொன்னான். பிராயச்சித்தம் செய்துகொள்ளாமல் அம்மாவின் திவசத்துக்கு நான் வாசற்படி ஏறக் கூடாதாம். நாய்க்கு மந்திரம் சொன்னவன் என்று உங்களோடு பூஜை செய்யும் குருக்கள்மார் எல்லாரும் சிரிக்கிறார்களாம்.

மந்திரம் சொன்னது நிஜம். கீழ்பென்னாத்தூர் வெள்ளையம்மாளின் நாயை லாரி அடித்துவிட்டது. மாட்டாஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து நெஞ்சைத் திறந்தேன். திறந்த பிறகு நுரையீரல் தானாக விரியாது. தொண்டைக்குள் குழாய் விட்டுத் துருத்தியால் காற்று செலுத்த வேண்டும். கம்பவுண்டர் இருசப்பன் பயத்தில் படபடவென்று அமுக்கினார். அந்த வேகத்துக்கு நுரையீரல் கிழிந்துவிடும்.

"இன்னா வேகம்னு தெரியலையே சார்" என்றார்.

என் இரண்டு கைகளும் நாயின் நெஞ்சுக்குள் இருந்தன. வாய்தான் சும்மா இருந்தது. ஏழு வயதில் என் மூக்கைப் பிடித்து நீங்கள் சொல்லிக்கொடுத்த பிராணாயாம மந்திரத்தை உரக்கச் சொன்னேன். மந்திரத்தின் ஓர் அடிக்கு அமுக்கினார், அடுத்த அடிக்கு விட்டார். முக்கால் மணி நேரம்.

அது பூணூல் இல்லாத இருசப்பன் காதில் விழுந்தது இரண்டாவது குற்றமாம். விழாமல் எப்படி அமுக்குவார்?

நாய் பிழைத்துவிட்டது. நேற்று இருசப்பன் கையிலிருந்த பன்னைப் பிடுங்கித் தின்றது.

திவசத்தன்று குளித்து மடியாக வந்து வாசலில் நிற்பேன். பிராயச்சித்தம் செய்ய மாட்டேன். கதவைத் திறப்பது உங்கள் இஷ்டம். நாளைக்கே இன்னொரு நாய் மேஜைக்கு வந்தாலும் அப்படித்தான் எண்ணுவேன். மூச்சை எண்ண வேறு கணக்கு நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மூத்த பிள்ளை