பொட்டு வைக்காத தோட்டாக்கூடு

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இன்று காலை துப்பாக்கிக் கிளப்பின் ரேஞ்சுக்குப் போய் இருபது புதுத் தோட்டாக் கூடுகளைச் சுட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். தனியாகத்தான் போனேன். பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டேன், காலியாக இருந்தால் யாராவது வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துவிடுவார்கள் என்று. யாரும் வரவில்லை.

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ரைபிளுக்கு எந்தக் கடையிலும் தோட்டா கிடையாது. அதை முதலில் வைத்திருந்த ஓய்வுபெற்ற மேஜர், குறி இன்னும் சுத்தமாக விழட்டும் என்று, தோட்டா உட்காரும் அறையைத் தன் இஷ்டத்துக்குக் கடைந்து மாற்றியிருந்தார். அவர் பூனாவை விட்டுப் போகும்போது முறைப்படி லைசென்ஸ் மாற்றி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குத் தோட்டா வேண்டுமென்றால் நாமே செய்ய வேண்டும். வேறொரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுத்தைச் சூடுகாட்டி இளக்கி, அச்சில் தள்ளி ஒடுக்கி, விளிம்பைச் சீவி, வெடிமருந்தைக் குறைத்துப் போட்டு ஒரு தடவை சுட வேண்டும். அந்த ஒரு வெடிப்பில் பித்தளை உப்பி, என் ரைபிளின் உள்வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது வேறெந்த ரைபிளிலும் நுழையாது.

மருந்து நிரப்புவதும் சுடுவதும் கிளப்பில் என் வேலை. மற்றதெல்லாம் கட்கியில் நம் வீட்டுச் சமையலறையில், உங்கள் கையால். போசரி கம்பெனியில் நாள் முழுக்கப் பாகங்களை அளந்து தேர்வு செய்துவிட்டு வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, தட்டில் தண்ணீர் ஊற்றிக் கூடுகளை வரிசையாக நிறுத்தி வைப்பீர்கள். கழுத்துக்கு மட்டும் தீ காட்டுவீர்கள். "நெறம் மாறுது பாரு வசந்தா, அதான் பதம். இதுக்கு மேல விட்டா கத்திரிக்கா மாதிரி வதங்கிடும்." பேங்கில் கவுன்டரில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நிறம் பிடிபடவே பல மாதம் ஆயிற்று.

ஒரு தடவை சுட்ட கூடுகளைச் சோதிப்பதும் நீங்கள்தான். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடிப்பக்கம் மெதுவாக இழுத்துப் பார்ப்பீர்கள். சுடும்போது கூடு நீண்டு உள்ளுக்குள் மெலிந்திருந்தால், அந்த இடத்தில் கம்பி துளி தடுக்கும். எனக்குத் தடுக்கவே தடுக்காது. உங்களுக்குத் தடுக்கும். தேறிய கூட்டின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பீர்கள். "பொட்டு வச்சாச்சு, இனிமே நம்ம வீட்டுப் பொண்ணு" என்று சிரிப்பீர்கள். பொட்டு வைத்தவை ஒரு டப்பாவில், இன்னும் சோதிக்காதவை இன்னொன்றில்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முடிந்து நடந்த மாநிலப் போட்டி. கடைசிச் சுற்றில் நான் இரண்டாவது இடத்தில் இருந்தேன். இன்னும் ஆறு குண்டுகள் பாக்கி. நீங்கள் லீவு போட்டு வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள். சுட்டேன். கூடு வெளியே வர போல்ட்டை இழுத்தேன். கூட்டின் அடித்துண்டு மட்டும் தெறித்து, நான் படுத்துச் சுட்ட பாயில் விழுந்தது. முன்பாதி உள்ளேயே சிக்கிக்கொண்டது. அடுத்த தோட்டா நுழையவில்லை. துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் வந்து நோண்டி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

எழுந்து திரும்பினேன். உங்களோடு நான் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. அன்று இந்தியில் சொன்னேன், சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் புரியட்டும் என்று. "அண்ணிக்கு இப்போ கண்ணே தெரியறதில்லை. இவங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

உங்களுக்குச் சர்க்கரை ஏறி, கண் மங்கத் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியும். அதை நீங்கள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததும் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் குத்தினேன். நீங்கள் தண்ணீர் பாட்டிலை மூடிப் பையில் வைத்தீர்கள்.

எல்லாரும் நகர்ந்த பிறகு பாயைச் சுருட்டக் குனிந்தேன். அந்த அடித்துண்டு அங்கேயே கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பொட்டு இல்லை.

காலையில் அவசரத்தில் நான்தான் டப்பாவை மாற்றி எடுத்திருந்தேன். அதெல்லாம் நீங்கள் இன்னும் கம்பி விட்டுப் பார்க்காத கூடுகள். பையைத் திறந்து பார்த்தேன், மிச்சமிருந்த ஐந்திலும் பொட்டில்லை. நீங்கள் பத்தடி தூரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். "அண்ணி" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். நான் அந்தத் துண்டைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் நீங்கள் கம்பியைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களாகவே டப்பாக்களை எடுத்து வைத்து எண்ணினீர்கள்.

"பொட்டு வச்சது எல்லாம் அப்படியே இருக்குதே வசந்தா. வைக்காததுலதான் குறையுது."

"நான் பிராக்டிஸுக்கு எடுத்தேன் அண்ணி."

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "சரி" என்றீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடாதா அண்ணி? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கிளப்பில் நடந்தது அண்ணன் காதுக்குப் போயிற்று. "தோட்டாவிலேயே தப்பு விடறவ கம்பெனியில என்ன பார்த்துத் தேர்வு பண்ணுவா? யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா? விட்டுடு வேலையை" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையிலேயே பயந்தார். நீங்கள் இரண்டு மாதம் மல்லுக்கட்டினீர்கள். "என் கை சொல்றது எனக்குத் தெரியும்" என்று ஒருநாள் தட்டை வைத்துவிட்டு எழுந்தே போனீர்கள். நான் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தீபாவளிக்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகும் பத்து வருஷம் என் கூடுகளைச் சோதித்துக் கொடுத்தீர்கள். கண் இன்னும் மங்கிய பிறகு, பொட்டு வைக்கிற இடத்தை விரலால் தடவிப் பார்த்து வைத்தீர்கள். ஒன்றுகூட அறுந்ததில்லை. நான் இரண்டு மெடல் வாங்கினேன். இரண்டு தடவையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று, நீங்களும் அண்ணனும் குடிபோன சிஞ்ச்வட் ஃபிளாட் வரை வந்தேன். இரண்டு தடவையும் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். சிறுநீரகம் கெட்டு நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேங்கில் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு கிளப்பில் எல்லாரும் டீ குடிக்கும் நேரத்தில் எழுந்து நின்றேன். அன்று இந்தியில் சொன்னதால் இதையும் இந்தியிலேயே சொன்னேன். கூடு அறுந்தது அண்ணியால் அல்ல, என்னால். அவர் பார்க்காத கூட்டை எடுத்தவள் நான். தெரிந்தும் மறைத்தவள் நான். சொல்லி முடித்ததும் குல்கர்ணி சாஹேப், அந்தப் போட்டியில் என் பக்கத்து லேனில் சுட்டவர், மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எந்தப் போட்டி, வசந்தாஜி? உங்க ரைபிள் ஜாம் ஆச்சா? எனக்கு ஞாபகமே இல்லையே."

யாருக்கும் ஞாபகம் இல்லை அண்ணி. பாதிப் பேர் புதியவர்கள். ஒரு பெண் எழுந்து வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். எல்லாரும் மறுபடி டீயை எடுத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் யாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்? நாம் இரண்டு பேர் மட்டும் நினைவு வைத்திருந்த ஒன்று அது. இப்போது என் ஒருத்திக்கு மட்டும்.

இல்லை, இன்னொருவர் இருக்கிறார். அண்ணன், அதே சிஞ்ச்வட் ஃபிளாட்டில். தனியாகத்தான் இருக்கிறார். நான் வியாழக்கிழமைதோறும் லோக்கல் ரயில் பிடித்துப் போய்க் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். டிவி ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு பேரும் பேச மாட்டோம். போன வாரம் அவராகவே சொன்னார்: "நல்ல நேரத்துல அவளை வேலையை விட வச்சேன். இல்லேன்னா அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எங்கேயாவது மாட்டிக்கிட்டிருப்பா." நான் ரசத்தை ஊற்றினேன்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் கை தவறியது என்று நம்பிக்கொண்டே அவர் மிச்ச நாளையும் ஓட்டிவிடுவார். எனக்கு இந்த ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்க அவரை விட்டால் ஆள் இல்லை. சொன்னால் வியாழக்கிழமைகளும் போய்விடலாம்.

இருந்தாலும் இந்த வியாழன் சொல்லிவிடுகிறேன் அண்ணி. குழம்பு வைப்பதற்கு முன்னால், டிவியை அணைத்துவிட்டு, தமிழில். உங்கள் கை ஒருநாளும் தப்புப் பண்ணவில்லை என்று அவர் காதால் கேட்கும் வரை அந்த வீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவர் கதவைச் சாத்தினாலும் சரி.

உங்களுக்காகப் பேச அன்று எழுந்து வராத,
உங்கள் நாத்தனார்
வசந்தா