கேட்டோரக் கூண்டு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

அப்பா உயிரோடு இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாய், உன் புத்தி எனக்குத் தெரியும். இளைத்துப் போனதைத் தவிர உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கப்பல் கரைக்கு வந்து நீ போன் செய்யும்வரை காத்திருக்க என்னால் முடியாது. அப்படியே நீ கூப்பிட்டாலும் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். அடுத்த துறைமுகத்தில் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைத்துவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள்.

நம் நாய்க் காப்பகத்து கேட்டுக்கு வெளியே, மதிலை ஒட்டி ஒரு கம்பிக் கூண்டு இருக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா? போன தடவை வந்தபோது அதைப் பார்த்து, “பார்சல் போடற பெட்டியாக்கா?” என்று சிரித்தாய். கிட்டத்தட்ட அதுதான். வளர்க்க முடியாமல் நாயைக் கைவிட நினைக்கிறவர்கள் அதற்குள் விட்டுவிட்டு, காலிங் பெல்லை அழுத்திவிட்டுப் போகலாம். நீ யார், ஏன் விடுகிறாய் என்று நாங்கள் கேட்பதில்லை. கூண்டுக் கதவைச் சாத்தினால் வெளிப்பக்கத்துக் கொக்கி தானாக விழுந்துவிடும். நாய் ரோட்டுக்கு ஓடி அடிபடாமல் இருக்க அப்படிச் செய்து வைத்தேன். பெரிய சாதி நாயும் தாராளமாக நிற்கட்டும் என்று உயரமாகவும் செய்யச் சொன்னேன். வெல்டிங் பட்டறைக்காரர்கூட, இது என்ன நாய்க்கா, குதிரைக்கா என்று கேட்டார்.

பெல் அடித்ததும் யாரும் வெளியே ஓடக்கூடாது. அது நான் போட்ட சட்டம். ஆரம்பத்தில் ஒருமுறை நானே ஓடியிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆள் கூச்சப்பட்டு, நாயைத் திரும்பக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அது நெடுஞ்சாலை ஓரத்தில் செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து எப்போது கேட்டைத் திறக்கலாம் என்பதை நாய்தான் எங்களுக்குச் சொல்கிறது. விட்டுப் போகிறவர் கண்ணுக்குத் தெரிகிறவரை அது குரைக்கும். ஆள் தெருமுனை திரும்பி மறைந்ததும் குரைப்பு அடங்கி, ஒரு முனகல் கிளம்பும். அந்த முனகல் கேட்ட பிறகுதான் நாங்கள் தாழ்ப்பாளில் கை வைப்போம்.

போன வாரம் ஒருநாள் காலையில் பெல் அடித்தது. நானும் சமையல்கார அம்மாவும் நாய்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தோம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். குரைப்பும் இல்லை, முனகலும் இல்லை. சமையல்கார அம்மா, “என்னம்மா இது, உள்ள நாய் இருக்கா இல்லியா?” என்றாள். பொறு, ஆள் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று அவளை அடக்கினேன். நடுவில் ஓர் இருமல் சத்தம் கேட்டது. அப்போதும் நான் அசையவில்லை. பிரிய மனசு வராமல் நிற்கிறார்கள், நின்றுவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். கஞ்சி ஆறிவிட்டது. வெயில் மதிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்து, மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினார்: “ஏம்மா, இப்ப ஆளுங்களையும் சேத்துக்கறீங்களா? கூண்டுக்குள்ள ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு!”

நான் கேட்டைத் திறந்தேன். முதலில் நாயைத்தான் பார்த்தேன், தொழில் புத்தி. கைவிடப்பட்டு வரும் நாய் இவ்வளவு கொழுகொழு என்று இருக்காதே என்று தோன்றியது. பிறகுதான் அந்த வெள்ளைக் காதும் அறுந்த வாலும் கண்ணில் பட்டன. மேனேஜர். அப்பாவுடைய மேனேஜர். ஆயுசு முழுக்க மேனேஜர்களுக்கு வணக்கம் போட்டே ஓய்ந்த மனுஷன், தன் பேச்சைக் கேட்கிற ஒரு மேனேஜராவது வேண்டும் என்று பெயர் வைத்தாரே, அதே மேனேஜர். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். கொக்கி வெளிப்பக்கம் விழுந்திருந்தது.

தம்பி, அந்தக் கொக்கியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. லாரி டிரைவர்தான் இறங்கி வந்து எடுத்தார். அப்பாவின் ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஷூ. ஊரின் அந்தக் கோடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. சட்டைக்குள் உடம்பு இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. மேனேஜரோ பீப்பாய் மாதிரி இருந்தது. அப்பா பக்கத்திலேயே இருந்தார், அதனால் அது குரைக்கவும் இல்லை, முனகவும் இல்லை. என் சட்டப்படி நான் கேட்டைத் திறக்கவும் இல்லை.

நான் “அப்பா” என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என்னை ‘நீங்க’ என்று சொன்னார். எப்படித் தாங்கினேன் என்று கேட்காதே, தாங்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீங்கதான் இங்க பெரியவங்களாம்மா? இவரை வச்சுக்கங்க. இவர் சாப்பிட்டாரா இல்லையான்னு எனக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்குது. பட்டினி போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு.” உங்களுக்கு வேறு யாரும் இல்லையா என்று லாரி டிரைவர் கேட்டார். “ஏன் இல்ல? என் பொண்ணும் இந்த மாதிரிதான் ஒரு இடம் வச்சிருக்கா. பாவம், அவளுக்கு நூறு வேலை. அவகிட்ட கொண்டுபோய்ச் சேத்தா அவளுக்குத்தான் பாரம்” என்றார். அதை என்னிடமே சொன்னார், தம்பி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று சாயந்திரம் அப்பா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சமையலறையில் மேனேஜரின் தட்டு நிரம்பி வழிந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம், ஒரு வாணலி, ஒரு டிபன் பாக்ஸ் மூடி. எல்லாவற்றிலும் சோறு. அப்பாவின் தட்டு மட்டும் அலமாரியில் தூசி படிந்து இருந்தது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் மறுபடி போட்டிருக்கிறார். தன் பங்கையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். குட்டிகளுக்கு நோய் பரவியதால் கொஞ்ச நாளாக நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனில் பேசும்போது “நான் சாப்டேன், மேனேஜர் சாப்டார், நீ சாப்டியா?” என்பார். அவ்வளவுதான். உனக்கும் அதே பேச்சுதானே?

எனக்கு ஆறவே ஆறாத ஒன்று இருக்கிறது. எங்களிடம் கண் தெரியாத கிழட்டு நாய் ஒன்று உண்டு, சமையல்கார அம்மா அதைத் தாத்தா என்பாள். கதவு திறப்பதற்கு, கைப்பிடிப் பக்கம் நிற்காமல் கீல் பக்கம் போய் நின்றுகொண்டு இருக்கும். வயதான நாய்க்கு மூளை தடுமாறுகிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லித் தருகிற முதல் பாடமும் அதுதான். அந்த நாயை நேரே உள்ளே கொண்டுவந்து விட்டவர், பேசாமல் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுங்கள் என்றபோது நான் ஆடிய ஆட்டத்தை இந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. மறதி வந்தால் உயிர் வேண்டாம் என்று ஆகிவிடுமா என்று கத்தினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பா போன் செய்து, வீட்டுக் கதவு திறக்க மாட்டேன் என்கிறது, பூட்டு எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன், தம்பி. உங்களுக்கும் வயதாகிறது என்று சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

நாய் டாக்டர்தான் தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே பெரிய டாக்டர், இது போகப் போகக் கூடும், குறையாது, எப்போதும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார். போன தடவை பேசும்போது நீ முதியோர் இல்லம் பற்றிச் சொன்னாய். நல்ல இடமாகப் பார், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. அப்பா அங்கே போகப்போவதில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். இந்தக் கேட்டுக்கு வந்த எந்த உயிரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. அவர் யாரையும் கேட்காமல் தானாகவே வந்து சேர்ந்துவிட்டார்.

மருந்து வைக்கிற அறையைக் காலி செய்து கட்டில் போட்டிருக்கிறேன். மேனேஜர் கட்டிலுக்குக் கீழே. அதற்கு இப்போது பத்தியச் சாப்பாடு, அதனால் என்னை முறைத்துக்கொண்டே திரிகிறது. அப்பாவுக்குச் சமையல்கார அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைக்கிறாள். முகத்தில் கொஞ்சம் களை வந்திருக்கிறது. தான் இங்கே வேலைக்குச் சேர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் குளித்துவிட்டு வந்து, இன்றைக்கு என்ன வேலை என்று கேட்கிறார். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வருகிறவர்களை யார் என்று கேட்டு உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன். மகா கறார். நாய் டாக்டரையே தினமும் விசாரித்துத்தான் விடுகிறார். பெல் அடித்த பிறகும் உள்ளேயே காத்திருக்கிற சட்டத்தை நான் எடுத்துவிட்டேன். இப்போது பெல் அடித்தால் அப்பாதான் முதலில் எழுந்து ஓடுகிறார். கூண்டுக் கதவில் உள்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வைத்தாயிற்று.

என்னை அவர் இன்னும் அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. நேற்று மேனேஜருக்கு நான் காது துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, “உங்களைப் பெத்தவர் குடுத்து வச்சவர்மா” என்றார். எழுந்து கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

கப்பலில் லீவு கிடைப்பது லேசில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வா. பணம் அனுப்பாதே, நீ வா. பெரிய டாக்டர் சொன்னதைப் பார்த்தால் தள்ளிப்போடுகிற விஷயமாக இது தெரியவில்லை. வந்ததும் பெல்லை அழுத்திவிட்டு அங்கேயே நில். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். அப்பாவை என்று சொல்லிவிடாதே. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லையே என்று குழம்பிப்போகிறார், அன்றைக்கு முழுக்கத் தேடுகிறார். நீ அழவும் கூடாது. மேனேஜரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல். உடனே கேட்டைத் திறந்து, உன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவார்.

பத்திரமாகக் கரை வந்து சேர்.

உன் வரவுக்காகக் கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா